ஊர் காண்டலும் உறவு காண்டலும்

கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் தொலைவிலே தியலும நீர்வீழ்ச்சி இருக்கின்றது. சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களிலும் அதன் அடிவாரத்தில் வாகனங்கள் வரிசையாய் நிற்பதைக் காணலாம். கொழும்பிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரே வானில் வந்திறங்குகின்றன. தந்தையர் ஒரே அலுவலகத்தார், தாய்மார் அயல்வீட்டார், பிள்ளைகள் ஒரே வகுப்பினர். சோற்றுப் பொதியை அவிழ்த்து உண்டு, நீரிலே காலை நனைத்து, படம் பிடித்து, பொழுது சாயுமுன் எல்ல நோக்கியோ அப்புத்தளை நோக்கியோ புறப்பட்டு விடுகின்றனர்.

அவர்களுள் நம் கல்லூரியின் பழைய மாணவரும் உளர். “ஐயா, சுகமாக இருக்கிறீர்களா?” என்று ஓடிவந்து கைகூப்பியோர் சிலர். தம் மனைவி மக்களை அழைத்து, “எனக்குத் தமிழ் படிப்பித்த ஐயா இவர்” என்று கூறுங்கால் என் நெஞ்சு குளிரவே செய்தது. ஆயினும், ஒரு கேள்வி ஒவ்வொரு முறையும் நாவின் நுனிவரை வந்து நின்றுவிடும். விருந்தினரிடம் கேட்டற்குரிய கேள்வி அன்று அது. விழா மலரிலே கேட்கலாம் எனத் துணிந்து ஈண்டு எழுதுகின்றேன்: “தம்பி, ஊரைப் பார்த்தாய்; ஊராரைப் பார்த்தாயா?”

வார முடிவிலே குடும்பத்தோடும் நண்பரோடும் வெளியே செல்லும் வழக்கத்தை யான் பழிப்பவனல்லேன். அது வீண் செலவு என்றும், மேனாட்டார் விட்டுச்சென்ற பழக்கம் என்றும் கூறுவாருமுளர். அன்னார் பட்டினப்பாலையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பாராக. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளிலே கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருந்து, உண்டும் ஆடியும் மகிழ்ந்தனர் என்று உருத்திரங்கண்ணனார் பாடுகின்றார். கடலாடினர், நண்டை அலைத்து விளையாடினர், மணலிலே பாவை செய்தனர். முழுமதி நாளிலே ஓய்வு என்பது நமக்கும் புதிதன்று. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாளே வார விடுமுறையாய் இருந்ததை மூத்த பழைய மாணவர்கள் மறந்திரார்.

கொழும்பின் காலிமுகத் திடலும் இதே நோக்கத்தோடு அமைந்ததே. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் அதனைத் தொடக்குவித்தார். 1859இல் அது நிறைவுற்றது. கொழும்பு நகரத்துப் பெண்கள், சிறுவர் ஆகியோரின் நலங்கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை அவர் கேட்டுக்கொண்ட செய்தி அங்கே கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பெருநகரத்திலே சிறு வீட்டினுள் வாரமெல்லாம் அடைபட்டிருக்கும் பிள்ளைக்குக் கடற்காற்றும் திறந்த வெளியும் மருந்தாகும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும், நூதனசாலையும், விகாரமகாதேவிப் பூங்காவும் அத்தகைய மருந்துகளே. நண்பர் குடும்பங்களோடு சேர்ந்து செல்லும் பிள்ளை பகிர்ந்துண்ணக் கற்கின்றது. தன்னிற் சிறியவனைக் கைபிடித்து நடத்தக் கற்கின்றது. தன் தந்தை சிரிப்பதைக் காண்கின்றது. பாடநூலிலே இவற்றுக்கு இடமில்லை.

நிற்க. காலிமுகத் திடல் அமைந்த அதே காலத்திலே, தென்னிந்தியாவினின்றும் வந்த நம் முன்னோர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே கால்நடையாய் இம்மலைகளை நோக்கி நடந்துகொண்டிருந்தனர் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்தம் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும் திடல் வேண்டும் என்று எவரும் கல்லிற் பொறித்திலர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஏழாம் வகுப்பு மாணவர்க்கு ‘யான் சென்ற ஒரு சுற்றுலா’ என்ற தலைப்பிலே கட்டுரை எழுதப் பணித்தேன். மறுநாள் கொப்பிகளைத் திருத்தப் புகுந்தபோது வியப்புற்றேன். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கண்டிக்கே சென்றிருந்தனர்! எல்லாரும் விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டிருந்தனர். பேராதனைப் பூங்காவிலே எல்லாரும் “கண்ணுக்கினிய காட்சிகளைக் கண்டு களித்து” இருந்தனர். கட்டுரைக் கோவையொன்றிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை அவை என்பது முதற் பத்து வரிகளிலேயே விளங்கிவிட்டது. அவ்வகுப்பிலே கண்டியைக் கண்ட பிள்ளைகள் மூவரே என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தேன்.

ஒரு சிறுமியின் கட்டுரை மட்டும் வேறாயிருந்தது. மழை மிகுந்த நாளொன்றில், மலை சரியும் என்ற எச்சரிக்கை வந்ததால், அவள் வாழ்ந்த லயத்து மக்கள் அனைவரும் இரவோடிரவாய்ப் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்றிரவு அங்கே தங்கினர். அதையே அவள் சுற்றுலாவென எழுதியிருந்தாள்! பெரிய அண்டாவிலே சோறு ஆக்கினார்களாம். தோழிகள் எல்லாரும் ஒரே பாயிற் படுத்தார்களாம். அம்மா மூன்று நாளும் கொழுந்து பறிக்கப் போகாமல் அருகிலேயே இருந்தாளாம். “இது போல இன்னொரு முறை போக ஆசை” என்று முடித்திருந்தாள்.

சிவப்பு மையை மூடி வைத்தேன். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலிலே எனக்கு இவ்வாறு புள்ளியிட இயலாது போன கட்டுரை வேறொன்றில்லை. இடம்பெயர்வைச் சுற்றுலா என்று அப்பிள்ளை மயங்கினாளல்லள். குடும்பமும் நண்பரும் ஒருங்கிருந்து, வேலை என்னும் நினைப்பின்றிச் சில நாள் கழித்தல் என்பதுதானே சுற்றுலா? அது அவளுக்கு மண்சரிவு அபாயத்தின் வாயிலாகவே கிடைத்தது. அவள் தலைப்புக்கு நேராகவே விடை எழுதினாள். பிழை தலைப்பிட்டவன்மீதே.

இந்நிலைக்குக் காரணம் யாது? வறுமை என்று ஒரு சொல்லால் முடித்துவிடலாம்; ஆயின் அது முழு விடையாகாது. தோட்டத்திலே ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். அந்நாளிலேதான் விறகு பொறுக்க வேண்டும். பீலிக்கரையிலே துணி தோய்க்க வேண்டும். சந்தைக்குச் சென்று வர வேண்டும். வேலை நாளிலே வெளியே சென்றால் ‘பேர்’ விழாது. பேர் விழாவிடின் சம்பளமில்லை. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்ட நாட்சம்பளத்திலே, ஒரு நாளை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, ஐந்துபேர் நீர்வீழ்ச்சி காணச் செல்லும் குடும்பத்தை யாங்குக் காண்பது? ஆண்டிலொருமுறை கதிர்காம யாத்திரை, மாரியம்மன் திருவிழா, உறவினர் கலியாணம், மரண வீடு. இவையே நம் மக்களின் பயணங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அது வரலாற்றிலே புதைந்து கிடப்பது. பயணம் என்னும் சொல் நம் மக்களுக்கு நெடுங்காலம் இன்பந் தரும் சொல்லாய் இருந்ததில்லை. இன்று பலரும் படம் பிடித்து மகிழும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிவுற்றது. புகைவண்டிப் பாதை 1924இல் பதுளையை எட்டியது. அப்பாதை வழியே தேயிலை இறங்கிச் சென்றது; அரிசி ஏறி வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோரும் மலைநாட்டுப் புகைவண்டிகளிலேதான் ஏறினர். தாயும் பிள்ளையும், அண்ணனும் தங்கையும் பிரிந்து கதறிய அவ்வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். 2003இல் இயற்றப்பட்ட சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்கிற்று. வண்டி ஏறுதல் என்றால் பிரிதல் என்று பழகிய மக்களுக்கு, திரும்பி வருவதற்காகவே வண்டியேறும் இன்பம் இனித்தான் பழக வேண்டியிருக்கின்றது.

இனி, வருவோர் பக்கத்தை நோக்குவோம். தியலும 220 மீற்றர் உயரமுடையது. நம் நாட்டின் உயர்ந்த நீர்வீழ்ச்சிகளுள் இரண்டாவது. முதலாவதாகிய பம்பரகந்தையும் நம் பதுளை மாவட்டத்திலேயே உள்ளது. தம்பேத்தன்னைத் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, சேர் தோமஸ் லிப்டன் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்கியதாகக் கூறப்படும் முகடு இருக்கின்றது. வெல்லவாயக்கு அருகே புதுருவகலையிலே பாறையிற் செதுக்கிய ஏழு உருவங்கள் உள. இவை அனைத்தையும் கண்டு செல்கின்றனர். தேயிலை மலையிலே கூடை சுமந்து நிற்கும் பெண்ணையும் கண்டு, அவள் அனுமதியைக் கேளாமலே படமெடுத்துச் செல்கின்றனர். அவள் பெயர் யாது, அவள் கூடையில் எத்தனை கிலோக் கொழுந்து உண்டு, அவள் பிள்ளை எவ்வகுப்பிலே படிக்கின்றது என்று கேட்போர் அரியர்.

தியலுமவுக்கு வரும் அதே தெருவினின்றும் சிறிது தூரம் மலையேறினால் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்பிழைத்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீட்டைக் கண்டிலர்; சிலர் பெற்றோரையுங் கண்டிலர். அவ்விடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. எஞ்சியோர்க்கு மாகல்தெனியாவிலே புதுவீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.

இதனை ஈண்டுக் கூறியது உலா செல்வோரின் மகிழ்ச்சியைக் கெடுத்தற்கன்று. மலை சரிந்த பின்னர் நாட்டின் நாலா திசையினின்றும் பொதிகள் வந்து குவிந்தன; அந்த அன்பை யாம் மறவோம். ஆனால் மலை சரியுமுன் அங்கே யார் வந்தார்? அந்த லயத்து இஸ்தோப்பிலே அமர்ந்து ஒரு நாள் தேநீர் அருந்திய பொறியியலாளர் ஒருவரோ, வழக்கறிஞர் ஒருவரோ, பத்திரிகையாளர் ஒருவரோ இருந்திருந்தால், “என் நண்பன் குடியிருக்கும் இடத்துக்கு அபாயமாமே!” என்று அவர் பதறியிருக்க மாட்டாரா? அப்பதற்றம் சட்டத்தையும் கோப்பையும் அசைத்திருக்கலாம், அசைக்காமலும் போயிருக்கலாம். பதறுவதற்கு ஒரு நண்பரேனும் இருந்திருப்பார். கண்டறியாதவனுக்காக எவனும் வாதாடான்.

“வீடில்லை, மலசலகூடமில்லை, பாடசாலைக்கு ஆசிரியரில்லை, இவற்றுக்கு முன்னே உலாவா?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்தார். அவர் சினத்திலே நியாயம் உண்டு. ஆயினும், வீடு கிடைக்கும் வரை விளையாடாதே என்று எந்தப் பிள்ளைக்கும் கூறலாகாது. அன்றியும், வீட்டையும் பாடசாலையையும் பெறுதற்கு வேண்டிய துணைவரை உலாவே தேடித் தரும். வேறொருவர், “இரக்கத்தால் அழைத்துச் செல்லும் உலா, இழிவன்றோ?” என்றார். முற்றிலும் உண்மை. ஆதலினாலேயே யான் வேண்டுவது தருமமன்று; நட்பு. இரு குடும்பமும் மாறிமாறி விருந்தோம்புவதாயின் அங்கே கொடுப்போருமில்லை, இரப்போருமில்லை.

சென்ற ஆண்டு இவ்வாறு ஒன்று நிகழ்ந்தது. கொழும்பிலே கணக்காளராயிருக்கும் பழைய மாணவர் ஒருவர்க்கு அச்சிறுமியின் கட்டுரையைப் பற்றிக் கூறியிருந்தேன். அவர் தம் குடும்பத்தோடும் நண்பர் குடும்பமொன்றோடும் வந்து, தோட்டத்திலே ஒரு வீட்டிலே ஒருநாள் தங்கினார். ரொட்டியும் கட்டைச் சம்பலும் உண்டனர். தியலுமவுக்குச் செல்லும் வழியெல்லாம் தோட்டத்துப் பையனே வழிகாட்டி. ஆடி, ஆவணியிலே வீசும் வறண்ட காற்றினாலேயே ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் உண்டாகின்றது என்பதையும், எந்தப் பாறை வழுக்கும் என்பதையும், அட்டை கடித்தால் என்ன செய்வது என்பதையும் அவன் கூற, கொழும்புப் பிள்ளைகள் வாய்திறந்து கேட்டனர். அன்று ஆசிரியன் யானல்லேன், அவனே.

பின்னர்ப் பொங்கல் விடுமுறையிலே தோட்டத்துக் குடும்பம் கொழும்பு சென்றது. ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வழி நெடுகிலும் இருவர்க்கு வாந்தி. பேருந்தும் ஓரிடத்திலே பழுதாகி நின்றது. இருட்டிய பின்னரே போய்ச் சேர்ந்தனர். மறுநாள் மாலை காலிமுகத் திடலிலே, நாற்பதாண்டு கொழுந்து பறித்த அந்த வீட்டு அம்மாயி முதன்முறையாகக் கடலைக் கண்டாள். தேநீர்க் கடையிலே கொடுத்த கோப்பையை முகர்ந்து பார்த்து, “இது வெறும் தூளு” என்று ஒதுக்கி வைத்தாள். தூரத்திலே துறைமுகம் நோக்கிச் செல்லும் கப்பலை நெடுநேரம் நோக்கியிருந்தாள். அப்பால் கணக்காளரின் மகனை அருகழைத்து, “தம்பி, நம்ம கொழுந்து போற கப்பல் அதுதானா?” என்றாள். அப்பையனுக்கு விடை தெரியவில்லை, தந்தையிடம் ஓடினான். தந்தைக்கும் உடனே விடை வரவில்லை. “அன்று தொடங்கி என் மகன் தேநீர்க் கோப்பையைக் கையிலெடுக்கும் போதெல்லாம் அந்த அம்மாயியைப் பற்றிக் கேட்கிறான், ஐயா” என்று அவர் எனக்கு எழுதினார். ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் சுற்றுலா நூலிலே இப்பாடம் உண்டா?

ஆதலால், இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றேன்.

முதலாவது: கல்லூரியிலே ஓர் ஏடு திறக்கப்படுக. உலா வர விரும்பும் பழைய மாணவர் குடும்பங்களும், அவர்களை வரவேற்க விரும்பும் தோட்டத்துக் குடும்பங்களும் தத்தம் விருப்பத்தோடு பெயர் பதியட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் இங்கே. ஒருமுறை இவர்கள் அங்கே. எவருக்கும் ‘பேர்’ இழப்பு நேராதவாறு ஞாயிறும் பண்டிகை விடுமுறையுமே நாளாகக் கொள்ளப்படுக.

இரண்டாவது: மேல்வகுப்பு மாணவர்க்குத் தம் ஊரைப் பிறர்க்குக் காட்டும் பயிற்சி அளிக்கப்படுக. அருவியும் பாலமும் கற்சிலையும் மட்டுமன்றி, கோப்பி பட்டுப்போன கதையும், தேயிலை வந்த கதையும், மீரியபெத்தையின் கதையும் அவர்கள் நாவிலே நிற்றல் வேண்டும். ஊரைக் காட்டுவோன் ஊரைப் படிக்கின்றான். அவர்தம் வீட்டிலே உண்ட உணவுக்கு வெளியார் உரிய விலையைத் தருக; அது கூலியேயன்றிப் பிச்சையன்று.

மூன்றாவது வருவோர்க்குரியது. கேளாமற் படமெடாதீர். போத்தலையும் பொலித்தீன் பையையும் கொண்டுவந்தவாறே கொண்டு செல்க. ஐப்பசி, கார்த்திகை மழையிலே மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருக்கும்போது மலைக்கு வராதீர். வந்து, தியலும மேற்சுனைகளிலே வழுக்குப் பாறைமீது ஏறாதீர். ஆனால் அந்த மழை நாளிலே, வீட்டிலிருந்தபடியே, “அங்கே எல்லாரும் நலமா?” என்று ஒரு வார்த்தை தொலைபேசியிற் கேளுங்கள். அதற்கு உங்களிடம் ஓர் எண் இருத்தல் வேண்டும்; எண் இருத்தற்கு ஒரு நட்பு இருத்தல் வேண்டும்.

பத்துப்பாட்டிலே மலைபடுகடாம் என்று ஒன்றுண்டு. கூத்தராற்றுப்படை என்பதும் அதன் பெயரே. மலைவழியே செல்லும் கூத்தர்க்கு, முன்னே சென்று வந்த ஒருவன், எங்கே வழி இடறும், எந்த ஊரார் எவ்வாறு விருந்தளிப்பர், மலையிலே என்னென்ன ஓசை கேட்கும் என்றெல்லாம் கூறி அனுப்புகின்றான். பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுதலே ஆற்றுப்படை. பழைய மாணவர் என்போர் யார்? இம்மலையினின்றும் வழி கண்டு இறங்கிச் சென்று, பெறுதற்குரியவற்றைப் பெற்றவர்கள். அவர்க்குப் பொருத்தமான இலக்கிய வகை ஆற்றுப்படையே அன்றோ?

அச்சிறுமி இப்பொழுது மேல்வகுப்பிலே படிக்கின்றாள். அம்மாயியோடு கொழும்பு சென்றவர்களுள் அவளும் ஒருத்தி. திரும்பி வந்ததும், யான் கேளாமலே, பழைய தலைப்பிலே புதுக்கட்டுரை ஒன்றை எழுதி என் மேசைமீது வைத்தாள். அதிலே எழுத்துப்பிழை ஏழு; சந்திப்பிழை பதின்மூன்று. ஒரு வரியேனும் கட்டுரைக் கோவையிலிருந்து வந்ததன்று. இம்முறை சிவப்பு மையைத் திறந்து, மனநிறைவோடு புள்ளியிட்டேன்.